கணக்கில் வராத கோல்கள்



வழக்கமாக இந்த இதழில் மழைநீர்க் கால்வாய், தெருவிளக்கு, சொத்து வரி என்று படித்திருப்பீர்கள். இந்த முறை ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை எழுதுகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "கிரிக்கெட்டா சார்?" என்றார். இல்லை, ஹாக்கி. தன்ராஜ் பிள்ளையைப் பற்றி.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்துவரை தொங்கும் முடி, பந்து காலடியில் வந்ததும் அம்பு மாதிரி பாயும் ஓட்டம். உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. தன்ராஜ் இந்தியாவுக்காக 339 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். அதில் எத்தனை கோல் போட்டார்?

பதில் யாரிடமும் உறுதியாக இல்லை. அவர் ஆடிய காலத்தில் இந்திய ஹாக்கி சம்மேளனம் கோல் கணக்கை முறையாக எழுதி வைக்கவில்லை. 170 என்று புள்ளிவிவரக்காரர்கள் சொல்கிறார்கள். 120-க்கு மேல் என்று மட்டும் சொல்வோரும் உண்டு. நடுவில் 50 கோல் வித்தியாசம்! வங்கியில் மாலை கணக்கு முடிக்கும்போது 50 பைசா இடித்தாலும் வவுச்சர் கட்டுகளை மறுபடி பிரித்து உட்கார்ந்தவன் நான். ஒரு நாடு தன் முதல்தர முன்கள வீரனின் கோல்களுக்குப் பேரேடு வைக்கவில்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி எழுதப்படாத வரவும் தீர்க்கப்படாத நிலுவையும் உண்டு.

கட்கியும் ஆவடியும்

தன்ராஜ் 1968 ஜூலை 16 அன்று மகாராஷ்டிராவில் புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். அப்பா நாகலிங்கம் பிள்ளை, அம்மா ஆண்டாளம்மா. கட்கியில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ராணுவக் குடியிருப்பும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் உண்டு. அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை நாகலிங்கத்துக்கு.

நம் பக்கத்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எஸ்டேட்டிலோ, ராணுவ உடைத் தொழிற்சாலைக் குடியிருப்பிலோ வளர்ந்தவர்கள் நம் நகரிலேயே சில வீடுகளில் இருக்கிறீர்கள். சங்கு ஊதினால் சைக்கிள் கூட்டம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், நாலு மொழி பேசும் பிள்ளைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய மைதானம். கட்கியும் அப்படிப்பட்ட இடம்தான்.

வீட்டில் ஐந்து ஆண்பிள்ளைகள், தன்ராஜ் நாலாவது. மட்டை வாங்கப் பணம் கிடையாது. பெரியவர்கள் ஆடி உடைத்துப் போட்ட மட்டைகளையும், தூக்கி எறிந்த பந்துகளையும் பொறுக்கி வந்து அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். தரை மண் தரை. மழை பெய்தால் சேறு. இருக்கும் வறுமையில் பிள்ளைகளை வேலைக்குப் போகச் சொல்லாமல் விளையாட விட்டவர் அம்மா. பிற்காலத்தில் தன்ராஜைப் பற்றி சந்தீப் மிஸ்ரா என்ற பத்திரிகையாளர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பிலேயே 'அம்மா' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது.

அந்தச் சிறுவனின் ஆதர்சம் வாரணாசியின் முகமது ஷாகித். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். மட்டைக்கும் பந்துக்கும் பசை தடவியதுபோல் டிரிபிளிங் செய்வார். அந்த அணியின் கேப்டன் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஷாகித் மாதிரி ஆடிப் பார்ப்பதுதான் கட்கிப் பையன்களின் சாயங்கால வேலை.

கட்கியின் அந்த மண் தரையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

சின்ன உடம்பு, பெரிய மைதானம்

ஹாக்கியில் முன்கள வீரர் என்றால் என்ன வேலை என்று பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதானம் ஏறக்குறைய 91 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பந்தின் எடை 160 கிராம் அளவில் இருக்கும், கல் மாதிரி கெட்டி. எதிரணி கோலுக்கு முன்னால் வரைந்த அரைவட்டத்துக்குள் போய் அடித்தால்தான் கோல். அந்த அரைவட்டத்துக்குள் நுழைய விடாமல் ஆறடி உயரத் தடுப்பாட்டக்காரர்கள் மட்டையைத் தரையோடு படுக்க வைத்துக் காத்திருப்பார்கள். அடி விழுவது கணுக்காலில், முட்டியில், விரலில். அன்றைக்கு ஆட்டம் 35 நிமிடம் வீதம் 70 நிமிடம்.

அந்தக் கூட்டத்துக்குள் தன்ராஜ் மாதிரி ஒல்லியான ஆள் நுழைவதற்கு இரண்டு வழிகள்தான். தடுப்பவர் மட்டையைத் திருப்புவதற்கு முன் கடந்து போகும் வேகம், அல்லது விழுந்த பிறகும் எழுந்து மறுபடி அதே இடத்துக்குப் போகும் பிடிவாதம். அவரிடம் இரண்டும் இருந்தன.

காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமானது. புல்தரையில் நெளிந்து வளைந்து ஆடிய நம் ஆட்டத்துக்குப் பதில், நேராக அடித்து வேகமாக ஓடும் ஐரோப்பிய, ஆஸ்திரேலிய ஆட்டம் மேலே வந்தது. நம் நாட்டில் அப்படிப்பட்ட தரைகள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தன. மண்ணில் கற்றவன் பிளாஸ்டிக் தரையில் ஆடியாக வேண்டும். 1990-களின் பிற்பாதியில் ஆஃப்சைடு விதியும் எடுக்கப்பட்டது. ஆட்டம் இன்னும் வேகமானது. தன்ராஜ் இந்த இரண்டு உலகத்திலும் ஆடிப் பார்த்தவர்.

வேலையும் விளையாட்டும்

1980-களின் நடுவில் தன்ராஜ் மும்பைக்குப் போனார். அண்ணன் ரமேஷ் அங்கே ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்கும் ஆடியவர். அண்ணன் கைப்பிடித்து அழைத்துப் போனார். பிறகு மஹிந்திரா நிறுவன அணியில் சேர்ந்தார். அங்கே ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கார்வாலோ அவரைப் பட்டை தீட்டினார். அதன் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நாளில் நம் நாட்டில் ஹாக்கி விளையாடிச் சம்பாதிப்பது என்று தனியாக ஒன்று கிடையாது. ரயில்வே, போலீஸ், விமான நிறுவனம், வங்கி என்று ஏதாவது ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சம்பளம் அந்த வேலைக்கு. சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் எல்லாம் ஹாக்கி அணி வைத்திருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்புவார்கள். "கொடுத்து வச்சவன்யா" என்று கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு எழும். முப்பத்தைந்து வயதில் முட்டி தேய்ந்து, பதவி உயர்வுத் தேர்வும் எழுதாமல், அதே நாற்காலிக்கு அவர்கள் நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது முணுமுணுக்க ஆளில்லை.

பாஸ்புக்கைப் புரட்டினால்

1989 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் தன்ராஜ் இந்தியாவுக்காக முதலில் களமிறங்கினார். கடைசியாக 2004 ஆகஸ்ட், ஏதென்ஸ். நடுவில் 15 வருடங்கள். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு, நாலு சாம்பியன்ஸ் டிராபி. கேட்கவே மலைப்பாக இருக்கிறது, இல்லையா? இனி வரவுப் பக்கத்தைப் பாருங்கள்.

ஒலிம்பிக்: 1992 பார்சிலோனா ஏழாம் இடம், 1996 அட்லாண்டா எட்டாம் இடம், 2000 சிட்னி ஏழாம் இடம், 2004 ஏதென்ஸ் ஏழாம் இடம். பதக்கம் எதுவும் இல்லை.

உலகக் கோப்பை: 1990 லாகூரில் பத்தாம் இடம், 1994 சிட்னியில் ஐந்து, 1998 உட்ரெக்டில் ஒன்பது, 2002 கோலாலம்பூரில் பத்து. 1994 போட்டி முடிந்து உலக அணி என்று பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இருந்த ஒரே இந்தியர் தன்ராஜ்.

ஆசிய விளையாட்டு: 1990 பெய்ஜிங்கில் வெள்ளி, 1994 ஹிரோஷிமாவில் வெள்ளி, 1998 பாங்காக்கில் தங்கம், 2002 பூசானில் மறுபடி வெள்ளி.

1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி நம் ஊரிலேயே, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. இந்தியா நாலாவதாக வந்தது. ஆவடி ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் நம் நகரில் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.

பதக்கத்தை மட்டும் கூட்டினால் பெரிய தொகை வராது. ஆனால் அது அணியின் கணக்கு. தோற்ற அணியில் 15 வருடம் முன்வரிசையில் நின்று, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த முகாமுக்கு வந்து நின்ற மனிதனின் கணக்கு அதில் தெரியாது.

பாங்காக்கும் பாக்கியும்

1966-ல் பாங்காக்கில் இந்தியா ஆசிய விளையாட்டு ஹாக்கியில் தங்கம் வாங்கியது. பிறகு 32 வருடங்கள் கிடைக்கவில்லை. 1998 டிசம்பரில் அதே பாங்காக்கில், தன்ராஜ் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியா. ஆட்டம் 1-1 என்று சமனில் நின்றது. பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்து நிற்க, 4-2 என்று ஜெயித்தோம். நாடே கொண்டாடியது.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். அடுத்த தொடருக்கான அணி அறிவிக்கப்பட்டபோது தங்கம் வாங்கித் தந்த கேப்டன் பெயர் அதில் இல்லை. அவரோடு இன்னும் ஆறு மூத்த வீரர்களும் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றது சம்மேளனம்.

வெளியில் எல்லோரும் பேசியது வேறு. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பணம் வரவில்லை, வெளிநாட்டுப் பயணத்தில் கொடுக்கும் தினப்படி போதவில்லை, வசதிகள் மோசம் என்று தன்ராஜ் வாய் திறந்து சொன்னார். அதற்குக் கிடைத்த பலன்தான் ஓய்வு என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் நினைத்தார்கள்.

நம்மில் பெரும்பாலானவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், அல்லது ஓய்வூதியக்காரர்கள். டி.ஏ. அரியர்ஸ் ஆறு மாதம் தள்ளிப் போனால் என்ன பேசுவோம் என்று நமக்குத் தெரியும். ஆனால் தனி ஆளாக எழுந்து நின்று கேட்பது வேறு. சங்கம் இருந்தால் சங்கம் கேட்கும். ஹாக்கி வீரனுக்குச் சங்கம் இல்லை, கேப்டன்தான் சங்கம். தன் பாக்கியை மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை தனியாகக் கூப்பிட்டுத் தீர்த்து வைத்திருப்பார்கள். அணிக்காகக் கேட்டதால் அணியையே விட்டு வெளியே போக வேண்டி வந்தது. 'கோபக்காரர்', 'வாய் நீளம்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

'சின்ன உடம்பு, ஆனால் உறுதி' என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த உறுதியை நான் மைதானத்தில் பட்ட அடிகளில் பார்க்கவில்லை. நிலுவையைக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கேட்டதில் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் ஒரு தொழில்

அதே மனிதரை வெளிநாட்டு கிளப்புகள் தேடி வந்து அழைத்தன. லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் வங்கி அணி ஒன்றும் டெலிகாம் அணியும், டாக்காவில் அபஹானி, ஹாங்காங்கில் கால்சா. இந்திய ஹாக்கி வீரர் ஒருவர் இத்தனை நாட்டில் தொழில்முறையாக ஆடியது அன்றைக்கு அபூர்வம். உடைந்த மட்டையோடு தொடங்கியவருக்கு, ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேட்பது பாவமில்லை என்று அந்த ஒப்பந்தங்கள் காட்டின. 2005-ல் நம் நாட்டிலேயே பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது மராத்தா வாரியர்ஸ் அணிக்கு ஆடினார்.

திரும்பி வந்தவர்

வெளியேற்றப்பட்டவர் மறுபடி இந்திய அணிக்கு வந்தார். அவர் இல்லாமல் முடியவில்லை என்பதுதான் காரணம். 1999-2000 ஆண்டுக்கான கேல் ரத்னா விருதும் கிடைத்தது.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் நின்றோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, போலந்து ஒரு கோல் போட்டது. அத்தோடு எல்லாம் போயிற்று. அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேச விரும்ப மாட்டார்கள்.

அப்போதே அவருக்கு 32 வயது. முன்கள வீரர்கள் காலைத் தூக்கி வைக்கும் வயது. ஆனால் 2002-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா நாலாவதாக வந்தபோதும், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு 34 வயது தன்ராஜுக்குக் கிடைத்தது. நாலாம் இடத்து அணியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அவர் எப்படி ஆடியிருக்க வேண்டும்! அடுத்த வருடம் கோலாலம்பூரில் ஆசியக் கோப்பை, அவர் கேப்டன், இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று ஜெயித்தோம். இந்தியா அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

2004 ஏதென்ஸில் அவருக்கு 36. அணியில் பெயர் இருந்தது, ஆனால் களத்தில் கிடைத்த நேரம் குறைவு. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த நேரமே அதிகம். அதோடு முடிந்தது. வழியனுப்பு விழா ஆட்டம் என்று எதுவும் இல்லை.

ஓய்வுக்குப் பின் இளைஞர்களுக்குக் கற்றுத் தரும் வேலையில் இறங்கினார். மும்பையில் அகாடமி நடத்தப் பணம் வேண்டும் என்று, அலுவலகங்களில் தூக்கிப் போடும் காலி பிரிண்டர் மைப் பெட்டிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு விற்றார். பழைய மட்டையைப் பொறுக்கிய கை, பழைய பெட்டியையும் வீணாக்கவில்லை.

நம் மண் தரை

2021-ல் டோக்கியோவில் வெண்கலம், 2024-ல் பாரிஸில் வெண்கலம் என்று ஒலிம்பிக் பதக்கம் திரும்பி வந்துவிட்டது. 2023-ல் எழும்பூர் ஸ்டேடியத்திலேயே ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை இந்தியா வென்றது, அந்த அணியில் அரியலூர்ப் பையன் கார்த்தி ஆடினார். இன்றைய வீரர்களுக்கு ஒவ்வொரு கோலும் கணினியில் ஏறுகிறது. சம்பளம், ஸ்பான்சர், பரிசுத்தொகை எல்லாம் பேப்பரில் வருகிறது. நல்லது. கேட்கப் பயப்படாமல் ஒருவர் முன்னால் கேட்டு வைத்ததற்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் விஷயம். நம் நகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தின் வடக்குப் பாதி இன்னும் வெறும் மண்ணாகத்தான் கிடக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் அங்கேதான் ஆடுகிறார்கள். பந்து ஜன்னலில் படுகிறது, சத்தம் அதிகம் என்று புகார் உண்டு, நியாயமானதுதான். அங்கே பேவர் பிளாக் பதித்துக் கார் நிறுத்தலாம் என்ற யோசனை வரும் பொதுக்குழுவில் வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும், என் வீட்டு வாசலிலும் ஒரு கார் தெருவில்தான் நிற்கிறது.

இருந்தாலும் என் ஓட்டு மண்ணுக்குத்தான். நம் பிள்ளைகளில் ஒரு தன்ராஜ் வருவான் என்று நான் சொல்லவில்லை. அப்படி வருவது கோடியில் ஒன்று. வராத மற்ற பிள்ளைகளுக்கும் விழுந்து எழுந்திருக்கக் கொஞ்சம் தரை வேண்டும். கட்கியில் அந்த மைதானத்தைப் பெருக்கிச் சமன் செய்து வைத்த நாகலிங்கம் பிள்ளையின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார், ஆட்டத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். நாமும் அந்த அளவு செய்தால் போதும். ஜன்னல் பக்கம் வலை கட்ட ஆகும் செலவுக்கு மதிப்பீடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பொதுக்குழுவில் தருகிறேன். அவசியம் வாருங்கள்.